வாட்டம் சரியாகத்தான் இருக்கிறது அம்மா

(சென்னை குரோம்பேட்டையில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு, முதல் மாடி. பாத்ரூமை இடித்துப் புது டைல்ஸ் போட்டாயிற்று. வீட்டுக்கார அம்மாள் கையில் ஒரு மக் தண்ணீரோடு நிற்கிறார். மேஸ்திரி வருகிறார். அவர் வருவதே அந்தத் தெருவில் ஒரு செய்தி.)

அம்மாள்: வாங்க மேஸ்திரி. திங்கட்கிழமை வருவதாகச் சொன்னீர்கள்.

மேஸ்திரி: இன்றைக்குத் திங்கட்கிழமைதானே அம்மா?

அம்மாள்: நீங்கள் சொன்னது போன மாதத்துத் திங்கட்கிழமை.

மேஸ்திரி: சித்தாளின் மச்சானுக்கு நிச்சயதார்த்தம். அவன் இல்லாமல் கலவை யார் போடுவது?

அம்மாள்: அந்த மச்சானுக்குச் சித்திரையிலேயே நிச்சயம் ஆனதே?

மேஸ்திரி: அது நின்றுவிட்டது. பையன் வீட்டில் பாத்ரூம் வேலை பாதியில் கிடந்ததாம். பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள்.

அம்மாள்: அந்த வேலையை எடுத்தது யார்?

மேஸ்திரி: (அண்ணாந்து பார்த்து) சீலிங்குக்கு நல்ல கலர் அடித்திருக்கிறீர்கள் அம்மா.

அம்மாள்: அது கிடக்கட்டும், இதைப் பாருங்கள்.

(மக் தண்ணீரைத் தரையில் ஊற்றுகிறார். தண்ணீர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளியேற வேண்டிய ஓட்டைக்கு முதுகைக் காட்டியபடி ஹாலைப் பார்த்து நடக்கிறது.)

மேஸ்திரி: புதுத் தரை இல்லையா, தண்ணீருக்கு இன்னும் வழி பழகவில்லை.

அம்மாள்: ஹாலுக்கு மட்டும் யாரைக் கேட்டுப் பழகியது?

மேஸ்திரி: வாட்டம் சரியாகத்தான் இருக்கிறது அம்மா.

அம்மாள்: (தரை மட்டம் பார்க்கும் குமிழிக் கருவியான ரசமட்டத்தைப் புதிதாக வாங்கி வந்ததைத் தரையில் வைத்து) வாட்டம் என்றால் தரை ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது ஓட்டைப் பக்கம் இறங்க வேண்டும். இங்கே ஓட்டைப் பக்கம்தான் மேடு, குமிழி அங்கேயே ஏறி நிற்கிறது. உங்களிடம் ரசமட்டம் இல்லையா?

மேஸ்திரி: முப்பது வருஷ சர்வீஸ். எனக்குக் கண்தான் மட்டம்.

அம்மாள்: அதைத்தான் நானும் சொல்கிறேன். சரி, வாட்டர் ப்ரூஃபிங் அடித்தபின் ஓட்டையை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தீர்களா?

மேஸ்திரி: கட்டினேன் அம்மா. மறுநாள் பார்த்தால் காணோம். வெயிலில் ஆவியாகியிருக்கும்.

அம்மாள்: பாத்ரூமுக்குள் வெயிலா? அந்தத் தண்ணீர் கீழ்வீட்டு மாமியின் சமையலறையில் சொட்டுகிறது. இத்தனை நாளாக அவர்கள் பாத்ரூமில்தான் குளிக்கிறோம். இனி அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், அடுப்புப் பக்கத்தில் நின்றாலே போதும்.

மேஸ்திரி: வேலை என்றால் கொஞ்சம் சிரமம் இருக்கத்தான் செய்யும்.

அம்மாள்: கொஞ்சமா? ஃபிரிட்ஜ் கட்டில் மேல் இருக்கிறது. இட்லி மாவில் பாதி சிமென்ட் தூசி. நேற்றைய இட்லியைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல செட்டிங் என்று உங்கள் ஆள்தான் பாராட்டினான்.

மேஸ்திரி: அவன் தொழில் தெரிந்தவன். அப்புறம் ஒரு சின்ன விஷயம், நாலு டைல்ஸ் குறைகிறது.

அம்மாள்: சேதாரத்துக்கென்று நூற்றுக்குப் பத்து கூடவே வாங்கினேனே?

மேஸ்திரி: அது சேதாரமாகிவிட்டது. அதே லாட் கடையில் இல்லை. குஜராத், மோர்பியிலிருந்து அடுத்த லாட் வரும். கலர் ஒரு நூல் மாறும், அவ்வளவுதான்.

அம்மாள்: எதிர்வீட்டுத் துளசி மாடத்தைப் பார்த்தீர்களா? நாலு பக்கமும் இதே டைல்ஸ்.

மேஸ்திரி: அவர்களுக்கும் நல்ல ரசனை அம்மா.

அம்மாள்: மீதிப் பணம் பீரோவில் இருக்கிறது. தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகிற அன்றைக்குப் பணம் உங்கள் பக்கம் வரும்.

(மேஸ்திரி முகத்தில் முதல் தடவையாக வேலைக்களை தெரிகிறது.)

மேஸ்திரி: டேய், சுத்தியலும் உளியும் எடுத்து வா!

(அரை மணியில் தரை முழுக்கப் பெயர்ந்து கிடக்கிறது. இடிக்கிற வேலைக்கு மட்டும் எந்த மச்சானும் குறுக்கே வருவதில்லை.)

அம்மாள்: பரவாயில்லையே! திரும்ப எப்போது போடுவீர்கள், நாளைக்கா?

மேஸ்திரி: என்னம்மா இப்படிக் கேட்கிறீர்கள், ஆடி பிறந்துவிட்டதே! ஆடியில் இடிக்கலாம், கட்டத்தான் கூடாது. ஆவணியில் வருகிறேன்.