டிரேஸிடமிருந்து வாங்குகிறேன்

நெதர்லாந்தில் முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்கள் ஒருகாலத்தில் "டிரேஸிடமிருந்து வாங்குகிறேன்" என்றுதான் சொல்வார்கள். பென்ஷன் சட்டத்தின் பெயரைவிட அதைக் கொண்டுவந்த மனிதரின் பெயர்தான் மக்கள் வாயில் நின்றது.

வில்லம் டிரேஸ், 1948 முதல் 1958 வரை அங்கே பிரதமர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தவர். 1919இலிருந்து ஹேக் மாநகராட்சியில் பொறுப்பு வகித்தபோது வறுமையைப் பக்கத்தில் நின்று பார்த்தார். கையில் சேமிப்பில்லாமல் வயதானால் அன்றைக்குப் பிள்ளைகளிடம் போக வேண்டும், இல்லையென்றால் தேவாலயம், அதுவும் இல்லையென்றால் நகராட்சியின் ஏழையர் உதவி. எங்கே போனாலும் கைகட்டி நிற்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து சமூக நல அமைச்சரானவர், 1947இலேயே அவசரச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். 65 வயதும் அதற்கு மேலும் ஆன, வசதியில்லாதவர்களுக்கு அரசே பணம் கொடுக்கும். ரொட்டர்டாம் நகரின் நடுப்பகுதி போர்க்காலக் குண்டுவீச்சில் தரைமட்டமாகக் கிடந்த காலம் அது, ரேஷன் வேறு. நாடு முதலில் நிமிரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட எல்லாக் காரணமும் இருந்தது. அவர் தள்ளிப்போடவில்லை. இதற்காகவே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. நன்றிக் கடிதங்கள் வந்து குவிந்ததில் ஆச்சரியமே இல்லை. 1957 ஜனவரி 1 முதல், அவர் பிரதமராக இருக்கும்போதே, நிரந்தரச் சட்டம் வந்தது. அதில் ஏழையா பணக்காரரா என்ற கேள்வியே கிடையாது.

ஆனால் 1948 டிசம்பரில் டச்சுக் காலனியாக இருந்து விடுதலையை அறிவித்திருந்த இந்தோனேசியாவில், டச்சுப் படை யோக்யகர்த்தா நகரைப் பிடித்து அந்நாட்டுத் தலைவர் சுகர்னோவைக் கைது செய்தபோது பிரதமராக இருந்தவரும் இவர்தான். நாஜிகளின் பிணைக்கைதியாக புக்கன்வால்ட் வதைமுகாமில் ஓர் ஆண்டு கிடந்தவர், இன்னொரு நாட்டின் விடுதலைக்கு எதிராகப் படை அனுப்ப எப்படிச் சம்மதித்தார்? ஆட்சியில் இருந்த கூட்டணிக் கட்சிகளின் நெருக்கடி என்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை.

அதே கோணல் பென்ஷனிலும் உண்டு. நெதர்லாந்தில் வசித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் முழு பென்ஷனில் 2 சதவீதம் என்பதுதான் கணக்கு. தென் அமெரிக்காவில் உள்ள சுரினாம் 1975 வரை நெதர்லாந்து முடியாட்சிக்குள் இருந்த நாடு, அங்கே வாழ்ந்தவர்களும் டச்சுக் குடிமக்கள்தான். ஆனாலும் அந்த ஆண்டுகள் கணக்கில் சேரவில்லை. 1975க்கு முன்பே நெதர்லாந்துக்கு வந்து, காலமெல்லாம் உழைத்த சுரினாம்காரர்கள் முதுமையில் குறைந்த பென்ஷனோடு நின்றார்கள். பல ஆண்டுகள் போராடினார்கள். கடைசியில் அரசு கொடுக்க முன்வந்தது ஒரே ஒரு தடவை, ஆளுக்கு 5,000 யூரோ.