அடுப்புக் கதவைத் திறந்து வையுங்கள்

சென்ற மாதம் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தோம். திரும்பும்போது ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஸ்டேஷன் வாசலில் பழைய மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை) நீராவி எஞ்சின் ஒன்றைச் சிமெண்ட் மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றிலும் குரோட்டன்ஸ் செடிகள், இரவில் எரிய வண்ண விளக்குகள், உடம்பெல்லாம் பளபளவென்று கறுப்பு பெயிண்ட். அப்பாவுக்கு 76 வயது, தீராத முழங்கால் வலி. இருந்தும் யாரையும் கேட்காமல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். பின்னாலேயே நானும் ஏறினேன்.

உள்ளே பித்தளை என்று ஒரு துண்டு மிச்சமில்லை. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். பிரஷர் கேஜ் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு. அப்பா எதையும் தேடவில்லை. அவருடைய கை தானாகப் போய் அடுப்புக் கதவின் கைப்பிடியைப் பிடித்தது. இழுத்தார், வரவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: கதவைச் சுற்றி வெல்டிங் வைத்து மூடி, அதன்மேல் பெயிண்டும் அடித்திருந்தார்கள். கொஞ்ச நேரம் உள்ளங்கையை அந்த இரும்பின் மேலேயே வைத்திருந்தார். "வாய்க்கட்டுப் போட்டுவிட்டார்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ரயில் ஏறி வீடு வந்து சேரும்வரை பேசவில்லை.

அன்றிலிருந்து மனதில் கிடப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 1969இல் எஞ்சின் கிளீனராகச் சேர்ந்தவர். எண்ணெய்ப் பஞ்சால் சக்கரம் துடைப்பது, சாம்பல் வாருவது என்று தொடங்கி, பிறகு அடுப்பில் கரி போடும் ஃபயர்மேன். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வழியாக மாயவரம் போகும் மீட்டர் கேஜ் பாதைதான் அவருக்கு ஊழியம் பார்த்த கோயில். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையை அம்மா மற்ற துணிகளோடு சேர்க்க மாட்டார். தனி வாளி, தனிச் சோப்பு. அப்பா தூங்கி எழுந்த தலையணை உறையில் தலை வைத்த இடம் கறுப்பாக அச்சுப் பதிந்திருக்கும். முழங்கைக்குக் கீழே நீராவி பட்ட வடுக்கள் இன்றும் இருக்கின்றன. சித்திரை மாத வெயிலில், திறந்த அடுப்புக்கு முன்னால் நின்று ஒரு நடைக்கு டன் கணக்கில் கரி அள்ளிப் போடுவது என்ன வேலை என்று ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. டீசல் எஞ்சினுக்கு மாற்றியபோது அப்பா அழவில்லை. முதுகு பிழைத்தது என்று சந்தோஷப்பட்டார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கரி எஞ்சினைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் பயணியின் நினைவுகள்தான். கண்ணில் விழுந்த கரித்தூள், பாட்டி முந்தானை நுனியைச் சுருட்டி வாயில் வைத்து ஊதிச் சூடாக ஒற்றி எடுத்தது, தொலைவில் கேட்ட கூவல், கூடவே ஓடிவந்த புகை. அந்த ஏக்கத்தை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் அது உண்டு. ஆனால் பழைய எஞ்சின்களைப் பாதுகாத்து வைப்பது என்ற பேச்சு வரும்போது அந்த ஏக்கத்தை மட்டும் நம்பினால், ஸ்டேஷன் வாசலில் பெயிண்ட் அடித்து நிறுத்துவதோடு வேலை முடிந்துவிடுகிறது. பயணி பார்த்தது வெளித்தோற்றத்தை. எஞ்சின் உயிரோடு இருந்தது வேறு ஒருவர் கையில்.

அந்தக் கை என்ன செய்தது என்று அப்பாவிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். கரியைக் குவித்துப் போடக்கூடாது. சிறிது சிறிதாக, மூலைகள் காலியாகாமல் பரத்திப் போட வேண்டும். மேடு வந்தபிறகு தீயைக் கிளறினால் பிரயோஜனமில்லை, அதற்கு முன்பே தயார் செய்திருக்க வேண்டும். ஒரு கண் எப்போதும் புகைபோக்கியின் மேல் இருக்க வேண்டும். கரும்புகை வந்தால் காற்றுப் போதாமல் கரி வீணாகிறது என்று பொருள். லேசான சாம்பல் நிறத்தில் போனால் ஃபயர்மேன் தொழில் தெரிந்தவர். இன்னொரு கண் தண்ணீர் மட்டத்தின் மேல். அடுப்பின் கூரைத் தகட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் தகடு காய்ந்து பழுத்துவிடும். அதில் ஈயம் வைத்த ஒரு திருகு இருக்கும். சூடு மிஞ்சினால் ஈயம் உருகி, அந்த ஓட்டை வழியாக நீராவி அடுப்புக்குள் பீறிட்டு எச்சரிக்கும். அப்பா வேலை பார்த்த காலம் முழுவதும் ஒருமுறைகூட அவர் எஞ்சினில் அந்த ஈயம் உருகியதில்லை. பென்ஷன் தொகையைவிட அதைத்தான் பெருமையாகச் சொல்வார்.

இந்த அறிவு எந்தச் சிமெண்ட் மேடையில் நிற்கிறது?

மேற்கு வங்கத்தில் இருக்கும் சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் தொழிற்சாலை அகலப்பாதைக்கான கடைசி நீராவி எஞ்சினை 1970இல் செய்தது. கடைசி நட்சத்திரம் என்று பொருள்படும் 'அந்திம் சிதாரா' என்ற பெயரை அதற்கு வைத்தார்கள். மீட்டர் கேஜுக்கான கடைசி எஞ்சின் 1972இல் வந்தது. 1995 டிசம்பரில் அகலப்பாதையில் வழக்கமான நீராவி ரயில்கள் முடிவுக்கு வந்தன. 1980களில் கரி அள்ளத் தொடங்கிய கடைசித் தலைமுறை ஃபயர்மேன்கள் இன்று அறுபதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். கணக்கு அவ்வளவுதான். இரும்பு இன்னும் நூறு ஆண்டு காத்திருக்கும். இவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

அதனால்தான் நீலகிரி மலை ரயிலைப் பற்றி யாராவது "அது டூரிஸ்ட் வண்டி" என்று சாதாரணமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இல் ஓடத் தொடங்கி, 1908இல் ஊட்டியைத் தொட்ட பாதை அது. சுமார் 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் 12 அடி போனால் ஓர் அடி ஏற வேண்டிய செங்குத்து. வெறும் சக்கரம் அங்கே வழுக்கும். அதற்காகத்தான் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் வரும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும். ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளரின் யோசனை இது.

எஞ்சின்களும் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில் செய்தவை. எக்ஸ் வகை என்பார்கள். நான்கு சிலிண்டர்கள். சமதரையில் இரண்டு மட்டும் வேலை செய்யும். பல் பாதை தொடங்கியதும், முதல் இரண்டில் உழைத்து வெளியே வரும் நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டுக்கும் அனுப்புவார்கள். அவைதான் பல்சக்கரத்தைச் சுழற்றும். உழைத்து வந்தவனுக்கே இரண்டாவது வேலையும் கொடுப்பது போன்ற ஏற்பாடு. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. பெட்டிகளின் முகப்பில் பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டு, பின்னால் இருந்து வரும் விசிலைக் கேட்டுக் கையால் பிரேக்கைத் திருகுகிறார். விசிலுக்கும் கைக்கும் இடையில் இருக்கும் அந்தப் பேச்சை எந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடி போட்டு வைப்பீர்கள்?

2005இல் யுனெஸ்கோ, ஏற்கெனவே பட்டியலில் இருந்த டார்ஜிலிங் ரயிலோடு இதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது. எல்லோரும் அதைப் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2011இல் நடந்தது. திருச்சி பொன்மலைப் பணிமனை மலை ரயிலுக்காக எண்ணெயில் ஓடும் புதிய நீராவி எஞ்சின் ஒன்றையே கட்டி முடித்து அனுப்பியது. அடுத்தடுத்து இன்னும் சில எஞ்சின்கள், பிறகு கரியில் ஓடும் எஞ்சினும் அங்கிருந்து வந்தன. யோசித்துப் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடைக்காது. பழைய வரைபடத்தைப் பார்த்துப் புதிதாக அச்சு செய்ய வேண்டும், வார்க்க வேண்டும், கடைய வேண்டும், பாய்லர் தகட்டை வளைக்க வேண்டும். இருபத்தோராம் நூற்றாண்டில் பொன்மலையில் ஒருவர் பாய்லர் கட்டக் கற்றுக்கொண்டார் என்றால், அந்தத் தொழில் இன்னும் ஒரு முப்பது ஆண்டு பிழைத்தது.

சென்னை பெரம்பூரில் இருக்கும் லோகோ, அதாவது ரயில் எஞ்சின், பணிமனையும் இதே காரியத்தைச் செய்தது. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த ஈ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21 என்ற எஞ்சின் நெடுங்காலம் காட்சிப் பொருளாகக் கிடந்தது. அதை 2010இல் மறுபடி ஓடச் செய்தவர்கள் பெரம்பூர்க்காரர்கள். அதன் உடன்பிறப்பான ஃபேரி குயினுக்கு 1990களிலேயே உயிர் கொடுத்ததும் இவர்கள்தான். சென்னையில் ஈ.ஐ.ஆர். 21 சிறப்பு நாட்களில் ஓடியபோது ஓரமாக நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. பழையது என்பதற்காகக் கைதட்டவில்லை. காட்சிப் பொருளாகிவிட்ட எஞ்சினையும் திரும்பக் கூப்பிட முடியும் என்று கண்ணால் பார்த்ததற்காகக் கைதட்டினேன்.

செலவு ஆகிறதே என்கிறார்கள். ஆகத்தான் செய்யும். ஆயிரம் ஆண்டுக் கோயில் கோபுரத்துக்கு கும்பாபிஷேகம் செய்ய ஆகும் செலவை நாம் லாப நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை. புகை கெடுதல் என்கிறார்கள். நாட்டில் ஓடும் எல்லா ரயிலையும் கரிக்கு மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரு மலைப்பாதையில் மட்டும் கேட்கிறோம். கரியா எண்ணெயா என்று ரயில் ஆர்வலர்களுக்குள் ஒரு சண்டை உண்டு. கரிதான் அசல் என்று நானும் ஒரு காலத்தில் பிடிவாதமாக இருந்தேன். கோடையில் காய்ந்து கிடக்கும் காட்டுக்குள் பொறி பறக்கப் போவதைவிட எண்ணெயில் போவதே மேல் என்று இப்போது நினைக்கிறேன். பாய்லரும் பல்சக்கரமும் அப்படியேதானே இருக்கின்றன. குன்னூருக்கு மேலே ஊட்டிவரை டீசல்தான் தள்ளுகிறது, அதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையிலும் டீசல் போதுமே என்ற பேச்சை யார் எடுத்தாலும் என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்று. சாதாரண டிக்கெட் எடுத்து ஏறும் பெட்டி இந்த வண்டியில் எப்போதும் இருக்க வேண்டும். சிறப்பு ரயிலாக விட்டுப் பணம் சம்பாதிக்கட்டும், தப்பில்லை. மேட்டுப்பாளையத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை வாழ்நாளில் ஒருமுறைகூட ஏறாமல் வளர்ந்தால், நாளைக்கு இந்த ரயிலுக்காகச் சண்டை போட உள்ளூரில் ஆள் இருக்காது.

வாசலில் நிற்கும் எஞ்சின்களை எல்லாம் ஓட்ட முடியாது, அது தெரியும். குறைந்தபட்சம் மேலே ஒரு கூரை போடலாம். புகைபோக்கி வாயை மூடலாம். மழைத் தண்ணீர் அதன் வழியாக இறங்கிப் பழைய சாம்பலோடு ஊறி, உள்ளிருந்து அரித்துவிடுகிறது. எந்த ஷெட்டில் இருந்தது, எந்தப் பாதையில் ஓடியது என்று தமிழில் ஒரு பலகை வைக்கலாம். அடுப்புக் கதவைத் திறந்து மூடும்படி விட்டு வைக்கலாம். குழந்தை தலை மாட்டிக்கொள்ளும் என்று பயமா? உள்ளே ஒரு கம்பி வலை போட்டால் போதும். பக்கத்துத் தெருவிலேயே ஓய்வு பெற்ற ஒரு ஃபயர்மேனோ பாய்லர் மேக்கரோ இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்து வந்து பிள்ளைகளிடம் பேசச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலேயே இருந்தால் இன்றைக்கே போனை எடுத்து, அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். எதை எந்த வரிசையில் செய்தார், காதில் என்ன சத்தம் கேட்டால் என்ன கோளாறு என்று கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவை மேட்டுப்பாளையம் அழைத்துப் போனேன். டிக்கெட் கிடைக்கவில்லை, பார்த்துவிட்டாவது வரலாம் என்று. காலை 7.10 மணி வண்டிக்கு எஞ்சின் தயாராக நின்றது. அப்பா அதன் பக்கத்தில் போய் நின்றார். சூடான எண்ணெயும் ஈரமும் கலந்த அந்த வாசனையை முகர்ந்தபடி ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். உள்ளே இருந்த இளைஞர் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஐயா லோகோவில் இருந்தீர்களா?" என்று கேட்டார். என்ன அடையாளத்தை வைத்துக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா நின்ற விதமாக இருக்கலாம். "மீட்டர் கேஜ், திருச்சி ஷெட்" என்றார் அப்பா. அந்தத் தம்பி கண்ணாடிக் குழாயை விரலால் காட்டினார். தண்ணீர் பாதிக்கு மேல் நின்றிருந்தது. அப்பா தலையசைத்தார்.

பிளாட்பாரத்தின் முனைக்கு நடந்து போய் நின்றோம். விசில் ஊதியது. பச்சைக் கொடிகள் அசைந்தன. பின்னால் இருந்து தள்ளும் வண்டி என்பதால் பெட்டிகள் எல்லாம் எங்களைக் கடந்தபிறகு கடைசியாகத்தான் எஞ்சின் வந்தது. எனக்குக் கண் கலங்கியிருந்ததால் சரியாகப் பார்க்க முடியவில்லை. அப்பா நிமிர்ந்து புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வளைவில் திரும்பி மறைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புகை சரியாகத்தான் போகிறது" என்றார்.