போர்ட்டோ ரிக்கோக்காரர்களைக் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்

அமெரிக்காவில் போதை மருந்து அளவு மீறிச் சாகிறவர்களை இனவாரியாகப் பிரித்துக் காட்டும் கிராஃப் ஒன்று அடிக்கடி சுற்றுக்கு வருகிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி லட்சம் பேருக்குப் பூர்வகுடிகளில் 65.2, கறுப்பினத்தவரில் 47.5, வெள்ளையரில் 35.6, ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) என்று போட்ட கட்டத்தில் 22.7. கீழே ஒரு கமெண்ட் கண்டிப்பாக இருக்கும்: "பார்த்தீங்களா, குடும்பக் கட்டுக்கோப்பு இருக்கிற சமூகம், அதான் தப்பிச்சிருக்கு." பெரும்பாலும் நம்ம ஆள்தான் போட்டிருப்பார். அதே கிராஃபில் ஆசியர் கட்டம் 5.3 என்று கடைசியில் நிற்கும், காலரைத் தூக்கி விட்டுக்கொள்ள வசதி. (டெக்சஸ் ஐடி கம்பெனித் தமிழரும் மினசோட்டாவுக்கு அகதியாக வந்த ஹ்மாங் குடும்பமும் அந்த ஒரே கட்டத்தில்தான் இருக்கிறார்கள். அது தனிப் பதிவுக்கான சங்கதி.)

என் சண்டை அந்த 22.7-உடன்தான். எண் சரி. ஆனால் அது யாருடைய எண்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹிஸ்பானிக் என்று பதிவானவர்கள் 6 கோடியே 21 லட்சம். கலிஃபோர்னியா வயலில் தக்காளி பறிக்கிற மெக்சிகோக்காரர், மயாமியில் மூன்று தலைமுறையாகக் கடை நடத்தும் கியூபாக்காரர், நியூயார்க்கின் பிராங்ஸில் டாக்சி ஓட்டும் டொமினிக்கன், வீட்டில் ஸ்பானிஷ்கூடப் பேசாமல் மாயன் மொழி பேசும் குவாத்தமாலாக்காரர், எல்லாருக்கும் ஒரே கட்டம். 1976-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு ஸ்பானிஷ் வம்சாவளியினருக்குத் தனிப் புள்ளிவிவரம் எடுக்கச் சொன்னது. அதற்கு முன் பெரும்பாலும் வெள்ளையர் கணக்கிலேயே கரைந்து போனவர்கள், அதனால் அன்றைக்கு அது தேவையான வேலைதான். ஆனால் ஒரு சராசரியைக் கண்டுபிடித்துவிட்டு அதோடு வேலை முடிந்தது என்று உட்காருவதைத்தான் ஏற்க முடியவில்லை.

சரி, அந்தக் குடும்பக் கட்டுக்கோப்பு விஷயத்துக்கே வருவோம். அது முழுக்கக் கற்பனையும் இல்லை. 1990-களில் வில்லியம் வேகா என்ற ஆய்வாளரும் குழுவினரும் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ மாவட்டத்தில் சுமார் 3,000 மெக்சிகோ வம்சாவளியினரை நேரில் பேட்டி கண்டார்கள், 1998-இல் முடிவு வெளியானது. வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை அல்லது போதைப் பிரச்சினை வந்தவர்கள், மெக்சிகோவில் பிறந்து வந்தவர்களில் 24.9 சதவீதம். அமெரிக்காவிலேயே பிறந்தவர்களில் 48.1 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு! வெயிலில் முதுகு ஒடிய வேலை பார்க்கிற, ஆங்கிலம் தெரியாத, கையில் காசில்லாத அப்பா அம்மா நலமாக இருக்கிறார்கள், அங்கேயே பள்ளிக்கூடம் போய் வளர்ந்த பிள்ளைகள் விழுகிறார்கள். போதைப் பழக்கத்தை மட்டும் எடுத்தால் இந்த இடைவெளி ஆண்களைவிடப் பெண்களிடம் இன்னும் அதிகம்.

இதற்குப் புலம்பெயர்ந்தோர் முரண் என்று பெயர் வைத்தார்கள். ஊரை விட்டுக் கிளம்புகிறவர்களே திடமானவர்கள் என்று ஒரு விளக்கம், பாட்டி சித்தி மாமா என்று வீடு நிறைய ஆள் இருப்பது காப்பாற்றுகிறது என்று இன்னொன்று. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் வீட்டுக்குள் இருக்கிற அதே மானம் மரியாதைதான் "நம்ம பையன் ஊசி போடுறான்" என்பதை வெளியே சொல்ல விடாமல் தடுக்கவும் செய்கிறது, இதை நமக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், பத்து வருஷம் கழித்து மார்கரீட்டா அலெக்ரியா என்ற ஆய்வாளரின் குழு நாடு முழுக்க எடுத்த தரவை வைத்துச் சமூகம் சமூகமாகப் பிரித்துப் பார்த்தபோது, மெக்சிகோக்காரர்களிடம் தெளிவாகத் தெரிந்த அந்த முரண் போர்ட்டோ ரிக்கோக்காரர்களிடம் (அமெரிக்க ஆட்சியில் இருக்கும், ஆனால் மாநிலம் அல்லாத கரீபியன் தீவு) காணோம். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் உண்மை, பிரித்துப் பார்த்தால் பாதி உண்மை.

நியூ மெக்சிகோவின் ரியோ அரிபா மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் அந்தக் கதை சுத்தமாகவே பொருந்தாது. அங்கே இருக்கும் ஹிஸ்பானிக் குடும்பங்களில் பல எங்கிருந்தும் குடியேறி அமெரிக்காவுக்கு வந்தவை அல்ல, 1848-இல் மெக்சிகோவோடு போரில் வென்ற அமெரிக்காதான் அவர்கள் இருந்த இடத்துக்கு வந்தது. பொது மேய்ச்சல் நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. ஹெராயின் சாவு விகிதத்தில் பல வருஷங்கள் நாட்டிலேயே மேல் வரிசையில் இருந்த மாவட்டம் அது. குடும்பம், நிலம், சர்ச், புனித வெள்ளிக்குச் சிமாயோ கோயிலுக்கு நடந்து போகிற கூட்டம் எல்லாம் இருந்தும்தான். பாசம் குறைந்ததால் வந்த சாவு என்று அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள்.

இனி போர்ட்டோ ரிக்கோ. எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான்.

2000-களின் தொடக்கத்திலிருந்தே அந்தத் தீவில் ஹெராயினில் சைலசின் கலந்து வந்தது. மாட்டுக்கும் குதிரைக்கும் கால்நடை டாக்டர் போடும் மயக்க மருந்து. தெருவில் அதற்குக் குதிரை மயக்க மருந்து என்றே பெயர், அவ்வளவு வெளிப்படை. பயன்படுத்துகிறவர்கள் உடம்பில் புண் வந்தது, ஊசி குத்தாத இடத்தில்கூடத் தோல் கறுத்துச் சதை அழுகும் புண். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கும் அமைப்புகளுக்குத் திரும்பி வந்த ஊசிகளைப் பரிசோதித்து, அதில் சைலசின் இருப்பதை 2008-லேயே ஆய்வுக் கட்டுரையாகப் போட்டார்கள். 2011-இல் ரஃபேல் தொர்ருவேயா என்ற ஆய்வாளர் அதைப் பயன்படுத்துகிறவர்களோடு பேசி எழுதினார். 2012-இல் இன்னொரு குழு. எல்லாமே ஆங்கிலத்தில், மருத்துவ இதழ்களில், யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் ஹெராயின், ஃபென்டனில் (ஹெராயினைவிட வீரியமான செயற்கைப் போதை மருந்து) சாவுகளில் சைலசின் இருந்த பங்கு 2010-களின் முதல் பாதியில் 2 சதவீதத்துக்கும் கீழ், 2019-இல் 31 சதவீதம். அதற்குப் பிறகுதான் டிவியில் 'ஸாம்பி டிரக்' என்ற கேவலமான பெயரோடு செய்தி. வெள்ளை மாளிகை அதை 'புதிதாகக் கிளம்பும் அச்சுறுத்தல்' என்று அறிவித்தது 2023 ஏப்ரலில். புதிதாம்! அதற்குள் களத்தில் என்ன நடந்தது என்றால், மயங்கிக் கிடப்பவர் மூக்கில் போதையை முறிக்கும் நலாக்சோன் ஸ்ப்ரே அடிப்பார்கள், மூச்சு திரும்பும், ஆனால் ஆள் எழுந்திருக்க மாட்டார். சைலசின் ஹெராயின், ஃபென்டனில் மாதிரி ஓபியாய்டு வகை இல்லை, நலாக்சோன் அதை முறிக்காது. அடித்தவர் பதறிப்போய் இன்னொன்று, இன்னொன்று என்று அடித்துக்கொண்டே இருப்பார். மூச்சு வந்துவிட்டால் போதும், ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸுக்குக் காத்திரு என்று சொல்லிக்கொடுக்க அந்தத் தீவுக்காரர்களைக் கேட்டிருந்தாலே போதும்.

தீவுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், வான்பாலம். ஊழியர் பற்றாக்குறை, சிகிச்சை மையம் பற்றாக்குறை என்ற நிலையில் போர்ட்டோ ரிக்கோவின் நகராட்சிகளும் போலீஸும் போதை அடிமைகளுக்கு ஒரு வழி விமான டிக்கெட் எடுத்துக்கொடுத்து ஃபிலடெல்ஃபியா, சிகாகோ, நியூயார்க் என்று ஏற்றி அனுப்பிய வழக்கம். டாக்டர், நர்ஸ், நல்ல படுக்கை எல்லாம் இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். போய் இறங்கினால் லைசென்ஸ் இல்லாத ஒரு வீடு, வரிசையாகப் படுக்கைகள், மருந்து கிடையாது, நாள் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் திட்டிக்கொள்ளும் கூட்டம்தான் சிகிச்சை. சில இடங்களில் அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து வெளியே வந்தவருக்கு ஆங்கிலம் தெரியாது, கையில் பேப்பர் கிடையாது, பனி கொட்டுகிறது, தெரு மட்டும்தான் பாக்கி. இவர்கள் அமெரிக்கக் குடிமக்கள், 1917-இலிருந்து. விசா பிரச்சினை ஒன்றும் இல்லை, எனவே "சட்டவிரோதமாக வந்தவர்கள்" என்ற சாக்கும் செல்லாது. ஹிஸ்பானிக் கட்டத்துக்குள் போதை மருந்துச் சாவு விகிதம் அதிகம் இருப்பதும் இந்தப் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினரிடம்தான். 22.7-ஐப் பார்த்தால் இது தெரியுமா?

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஒவ்வொரு வருஷமும் அமெரிக்க அரசு எடுக்கும் தேசிய போதைப் பழக்க சர்வே 50 மாநிலங்களிலும் தலைநகரிலும் மட்டுமே நடக்கிறது. போர்ட்டோ ரிக்கோ அதில் இல்லை. 30 லட்சத்துக்கு மேல் ஜனம் இருக்கிற தீவு. மேலே சொன்ன 6 கோடியே 21 லட்சத்திலும் அவர்கள் இல்லை. சிறையில் இருப்பவர்களை அந்த சர்வே கேட்காது, காப்பகத்துக்குக்கூடப் போகாமல் தெருவில் படுப்பவர்களையும் கேட்காது. போதைப் பழக்கத்தைப் பற்றி ஒரு சர்வே எடுத்துவிட்டு, அதில் அதிகம் அடிபட்டவர்கள் படுத்திருக்கும் இடத்துக்கு மட்டும் போவதில்லை என்றால் அப்புறம் எதற்கு சர்வே?

பிரித்து எண்ண முடியாது என்பதும் சும்மா. அமெரிக்க இறப்புச் சான்றிதழில் இறந்தவர் மெக்சிகோவா, போர்ட்டோ ரிக்கோவா, கியூபாவா, வேறா என்று தனித்தனியாக டிக் அடிக்கும் இடம் ஏற்கெனவே இருக்கிறது, இறுதிச்சடங்கு நடத்துகிறவர் குடும்பத்தாரிடம் கேட்டு நிரப்புவார். அவ்வளவும் கேட்டு வாங்கிய பிறகுதான் கிராஃப் போடும்போது ஒன்றாகக் கொட்டுகிறார்கள். செய்ய மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு: 2008 முதல் 2011 வரை பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியாகோ நான்கு இடங்களில் 16,415 பேரைச் சேர்த்து, யார் எந்த நாட்டு வம்சம் என்று பிரித்தே நடத்திய பெரிய ஆய்வு. இதயம், நுரையீரல், சர்க்கரை நோய்க்கு அவ்வளவு மெனக்கெட்டவர்கள் இந்த விஷயத்துக்கும் மெனக்கெடலாம்.

2024 மார்ச்சில் இனம், வம்சாவளி பற்றி அரசு எப்படிக் கேட்க வேண்டும் என்ற விதியை மாற்றினார்கள். அதன்படி அரசு நிறுவனங்கள் 2029-க்குள் மெக்சிகன், போர்ட்டோ ரிக்கன், சால்வடோரன், கியூபன், டொமினிக்கன், குவாத்தமாலன் என்று விரிவாகக் கேட்க ஆரம்பிக்க வேண்டும். நல்லது. ஆனால் கேட்பது வேறு, அச்சிடுவது வேறு. ஃபிலடெல்ஃபியாவில் 2024-லேயே சைலசின் குறைந்து மெடெடோமிடின் என்று இன்னொரு கால்நடை மயக்க மருந்து வந்துவிட்டது, அதை நிறுத்தும்போது ரத்த அழுத்தம் எகிறி, நடுக்கம் எடுத்து ஐசியூவுக்குப் போகிறார்கள். விதியை அமல்படுத்த 2029 வரை அவகாசம் கொடுத்தவர்கள் இதைக் கொஞ்சம் கணக்கில் எடுத்திருக்கலாம்.