நெல் நிறுக்கிற இடத்தில் நம்மட மார்க்கம்

மருதமுனை முடியப் பாண்டிருப்பு, சாய்ந்தமருது முடியக் காரைதீவு, காரைதீவு முடிய நிந்தவூர். நம்மட அம்பாறைக் கரையோரம் முழுக்க முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் இப்படித்தான் மாறிமாறிக் கிடக்கு. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வேற, பெருநாள் வேற, கலியாண வீடும் பெரும்பாலும் வேற. ஒரு தமிழ் விவசாயி ஒரு முஸ்லிமை நெருங்கிப் பார்க்கிற இடம் நெல் ஏற்றுகிற வயல் வரம்பும் சந்தையும்தான். அவர் கிதாபு ஓதி நம்மட மார்க்கத்தை அறியப்போறதில்லை. தொப்பி போட்டவர் தராசடியில் என்ன செய்தார் என்று பார்த்துத்தான் அறிவார். அதில் அவரைக் குறை சொல்ல ஏலாது.

குர்ஆனில் இதற்கென்றே ஒரு சூரா, அதாவது அத்தியாயம், இருக்கு, 83ஆவது சூரா, அல்முதஃப்பிஃபீன். தனக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்றுதான் அது தொடங்குது. அங்கே வருகிற சொல் ‘நாஸ்’, அதாவது மனிதர்கள். முஸ்லிம்களிடம் என்று இல்லை. கோயில் திருவிழாவுக்குப் போகிறவரின் நெல்லும் அந்த ஆயத்துக்குள்தான் வருது.

இனி வயலுக்கு வருவோம். பெரும்போக வெட்டு முடிந்ததும் மெசின் கொட்டின நெல்லைப் படங்கில் குவித்து அங்கேயே விற்கிறார்கள். காயப்போடக் களமும் இல்லை, கடன்காரனும் விடமாட்டான். இந்த அவசரத்தில்தான் எல்லாம் நடக்குது.

முதலாவது ஈரக் கழிவு. அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதனில் வாங்குது, ஆலைக்காரரும் அதையே அளவாக வைக்கிறார்கள். 18 வீதத்தில் இருக்கிற 100 கிலோ நெல்லில் ஈரம் நீங்கலாக 82 கிலோ. 14 வீத நெல்லில் ஈரம் நீங்கலாக 86 வீதம் என்பதால், 82ஐ 0.86ஆல் பிரித்தால் 95.35. ஆக, நியாயமான கழிவு 4 கிலோ 650 கிராம். வெறும் 4 கிலோ கழித்தால் வியாபாரிக்கு நட்டம், ஏனென்றால் காய்ந்த நெல்லிலும் 14 வீதத் தண்ணீர் இருக்கு. அதேபோல 16 வீதத்துக்கு 2.3 கிலோ, 20 வீதத்துக்கு 7 கிலோ. இந்தக் கணக்குக்கு மேலே ஒரு கிலோ கழித்தாலும் அது ஹராம்தான். மீற்றரே வைக்காமல் கையில் அள்ளிக் கடித்துப் பார்த்து “ஈரம் ஐயா, எட்டுக் கிலோ கழியும்” என்பது எந்தக் கணக்கு? மீற்றர் இருந்தாலும் வெயிலில் சூடேறின நெல்லை உடனே போட்டால் வாசிப்புப் பிழைக்கும். நிழலில் ஆறவிட்டு, குவியலின் நடுவிலும் அடியிலும் எடுத்து, மூன்று தரம் பார்த்துச் சராசரி எடுக்கவேணும்.

அடுத்தது சாக்குக் கழிவு. சணல் சாக்கு ஒரு கிலோ அளவு வரும். பொலித்தீன் உரை நூறு, நூற்றைம்பது கிராம்தான். உரையில் கட்டின மூடைக்கும் ஒரு கிலோ கழித்தால், நூறு மூடைக்கு 85 கிலோ சும்மா போகுது. 66 கிலோ மூடைக் கணக்கில் ஒன்றேகால் மூடைக்கும் மேல். ஒரு உரையை வைத்தால் பெரிய தராசில் சரியாகக் காட்டாது. பத்து வெற்று உரையை ஒன்றாக நிறுத்துப் பத்தால் பிரித்தால் முடிந்தது.

எல்லாவற்றிலும் சத்தமில்லாதது புள்ளிக்குப் பின்னால் வாற எண். தராசு 66.8 காட்டும், கொப்பியில் 66 விழும். மூடைக்குச் சராசரி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. எழுதுகிற தம்பிக்கு இது களவாகவே தெரியாது. பழகிப்போயிற்று. பார்த்து நிற்கிற விவசாயிக்குத் தெரியும், ஆனால் வாய் திறக்கமாட்டார். உரத்துக்கும் விதைநெல்லுக்கும் அந்த முதலாளியிடம்தானே கடன்பட்டிருக்கிறார்.

“திருநீறு பூசின முதலாளி மட்டும் செய்யல்லையா?” என்று கேட்பீர்கள். செய்கிறார்தான். விவசாயியிலும் சிலர் ஈரநெல்லை அடியில் போட்டு மேலே காய்ந்ததைப் பரப்புகிறார்கள். தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கைவிட்டு ஈரத்தைக் கண்டதும், மழை பட்டது என்று விற்றவர் சொன்னதும், சனம் பார்க்க அதை மேலே வைத்திருக்கலாமே, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று நபியவர்கள் சொன்னதும் ஸஹீஹ் முஸ்லிம் என்கிற ஹதீஸ் கிரந்தத்தில் இருக்கு. ஆனால் அடுத்த சமூகத்தவன் ஏமாற்றும்போது சனம் ஆளின் பேரோடு நிறுத்தாது. ஊரையும் மார்க்கத்தையும் சேர்த்தே சொல்லும். நிந்தவூரில் ஏமாற்றுகிற தமிழ் வியாபாரிக்கும் அதே கதிதான்.

இப்படிச் சேர்ந்த காசில் மக்காவுக்கு உம்றா போவதும் பள்ளிவாசலுக்கு மாபிள் பதிப்பதும் அந்த 85 கிலோவைத் திருப்பிக் கொடுத்ததாக ஆகாது. அது அடியானின் ஹக்கு, அதாவது மனிதருக்குரிய உரிமை. உரியவரிடமே போய்ச் சேரவேணும். பழைய கொப்பி இருக்கும், பேரும் இருக்கும், மூடைக் கணக்கும் இருக்கும்.

பள்ளிவாசல் நிருவாகங்களிடம் ஒரு வேண்டுகோள். வெட்டுத் தொடங்கமுதல் முத்திரை குத்தின 20 கிலோ படிக்கல் ஒன்றும் நல்ல ஈர மீற்றர் ஒன்றும் வாங்கி வையுங்கள். படிக்கல்லைத் தராசின் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தால் பிழையான தராசு அங்கேயே பிடிபடும். ஆனால் உள்ளே அலுமாரியில் பூட்டி வைக்கவேண்டாம். வாசல் கேற்றடியில், காவலாளியின் மேசையில் இருக்கட்டும். தமிழ் ஊரான தம்பிலுவிலிலிருந்து வாற ஐயா ஒருவர் செருப்பைக் கழற்றவேணுமா, உள்ளே விடுவார்களா என்று யோசிக்காமல் கேட்டு வாங்கிப்போக அந்த இடம்தான் தோது.