படுத்தா கூடுது சார்

என் குறுக்கு வலிக்கு இந்த வருடத்தோடு 16 வயது. அதற்கு ஒரு பெயர் கிடைத்து 5 வருடம்தான் ஆகிறது. இடையில் போன 11 வருடத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நீளமான பதிவுதான். உங்கள் வீட்டில் யாராவது காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள் என்றால் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். அம்மா பீடி சுற்றினாள், சித்திமார் சுற்றினார்கள், தெருவே சுற்றியது. மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும், தலை கவிழ்ந்தபடி ஒரு நாளைக்கு 1000 பீடி. அப்படி உட்கார்ந்தவர்களுக்குக் கழுத்தும் தோளும் குறுக்கும் வலிக்காமல் இருக்குமா? அதனாலேயே எங்கள் ஊரில் வலி ஒரு சேதி இல்லை. "மேல் வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று மெடிக்கலில் கேட்டால் சின்னக் காகிதக் கவரில் மாத்திரை போட்டுத் தருவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிற வழக்கமே கிடையாது.

எனக்கு 23 வயதில், பி.எட். படிக்கும்போது ஆரம்பித்தது. ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பிவிடும். குறுக்குக்குக் கீழே, உட்காரும் இடத்துக்குள் ஆழமாக ஒரு குடைச்சல். ஒரு வாரம் வலப்பக்கம், அடுத்த வாரம் இடப்பக்கம். புரண்டு படுக்க வேண்டுமென்றால் முழித்து, கையை ஊன்றி, உடம்பை மொத்தமாகத் திருப்ப வேண்டும். விடிந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து வளவுக்குள் முன்னும் பின்னும் நடப்பேன். முதல் கால் மணி நேரம் கால் எடுத்து வைப்பதே பெரும்பாடு. பால்காரர் வந்து போகும் நேரத்துக்குக் கொஞ்சம் இளகும். குளித்து, சாப்பிட்டு, பஸ்ஸுக்கு ஓடும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். லீவு நாளில் தாமிரபரணியில் அரை மணி நேரம் நீந்திவிட்டு வந்தால் அன்றைக்கு முழுக்க உடம்பு லேசாக இருக்கும்.

அம்மாதான் முதலில் கவனித்தாள். "எனக்குக் குறுக்கு வலிச்சா செத்த நேரம் பாயில சாஞ்சா தீந்துரும். உனக்குப் படுத்தாத்தான் கூடுது, நடந்தா கொறையுது. இது வேற வலிட்டி" என்றாள். அஞ்சாவது வரை படித்தவள்.

அதை டாக்டரிடமும் சொன்னாள். டோக்கன் 40-க்கு மேல், சாயங்காலம் முழுக்கக் காத்திருந்து உள்ளே போனோம். "படுத்தா கூடுது சார்" என்று அம்மா ஆரம்பித்ததுமே அவர் சிரித்துவிட்டார். "படுத்தா எப்படிம்மா வலி கூடும்? நீங்க பீடி சுத்துறீங்களா? பிள்ளையும் கூட உக்காந்து சுத்துதா?" எக்ஸ்ரே எடுத்தார்கள். "எல்லாம் நார்மல். கால்சியம் கம்மி. கட்டாந்தரையில படுக்கச் சொல்லுங்க, ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க." ஒரு டியூப் களிம்பு, பத்து நாள் மாத்திரை. வெளியே வந்து செருப்பைத் தேடும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. படிக்காதவள் பேசியதால் மகள் காரியம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்த டாக்டர் முன்னாலும் அவள் வாய் திறந்ததில்லை. அந்தப் பத்து நாள் மாத்திரையை நான் மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை.

ஏனென்றால் அம்மா சொன்னதுதான் நோய்க்குறி. அது பாடப்புத்தகத்தில் இருக்கிற நோய்க்குறி. சாதாரணக் குறுக்கு வலி வேலை செய்தால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். அழற்சியால் வரும் குறுக்கு வலி நேர்மாறு: ஓய்வில் கூடும், அசைந்தால் குறையும், பின்னிரவில் எழுப்பும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கிப் பிடித்திருக்கும், பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கிவிடும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எந்த மெஷினும் வேண்டாம். "படுத்தா கூடுதா, நடந்தா கூடுதா?" என்று ஒரு கேள்வி போதும். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே அம்மா பதில் சொன்னாள், அதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் கல்யாணம், பாளையங்கோட்டையில் வீடு, பள்ளிக்கூட வேலை. மாமியார் வீட்டில் இந்த நோயின் மோசமான குணம் ஒன்று வெளிப்பட்டது. காலை ஆறு மணிக்குக் குனிந்து வாசல் தெளிக்க முடியாதவள் பத்து மணிக்குச் சாதாரணமாக நடமாடுவாள். "வேலைன்னா குறுக்கு வலி, ஜவுளிக்கடைன்னா வலி எங்க போச்சு?" என்று அத்தை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். நோயின் பெயர் மட்டும் அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

பிள்ளை சிசேரியன். அதற்குப் பிறகு எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிட்டது: முதுகில் போட்ட ஊசி. நம் பக்கம் பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் குறுக்கு வலி என்றாலே அந்த ஊசிதான். போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். வருடக்கணக்கான வலிக்கு அந்த ஊசியைக் காரணம் சொல்ல ஆதாரம் இல்லை. எனக்கோ ஊசிக்கு நாலு வருடம் முன்பே வலி இருந்தது. அதைச் சொன்னாலும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் பார்த்த இன்னொரு டாக்டர், நான் எதிரே உட்கார்ந்திருக்க, என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "இவங்க ராத்திரி தூங்குறாங்களா? வீட்ல ஏதும் டென்ஷனா?" அவர் என்னைப் பார்த்தார். நான் மேஜையில் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனை நார்மல், எக்ஸ்ரே நார்மல், ஆகவே மனசு. மனசுக்கும் வலிக்கும் தொடர்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ராத்தூக்கம் கெட்டு வருடக்கணக்கில் வலித்தால் மனசு உடையத்தான் செய்யும். மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளே நரம்பு வலிக்கும் வேலை செய்கின்றன. ஆனால் அவர் மனசுக்கு வைத்தியம் செய்வதற்காக அதைச் சொல்லவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிடுவதற்காகச் சொன்னார்.

எனக்குப் பெயர் கிடைத்தது ஒரு கண் டாக்டரிடம். 34 வயதில் ஒரு நாள் வலது கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், உள்ளே குத்த ஆரம்பித்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பார்த்துக்கொண்டே, தலையை எடுக்காமல் கேட்டார்: "குறுக்கு வலி உண்டாம்மா?" உண்டு என்றேன். "காலையில எந்திரிக்கும்போது கூடவா, சாயங்காலம் கூடவா?" பதில் சொல்ல வாய் வரவில்லை, அழுதுவிட்டேன். 11 வருடமாக நான் கேட்கக் காத்திருந்த கேள்வி, கண்ணுக்காகப் போன இடத்தில் வந்தது.

இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குக் கண்ணின் உள்ளே இப்படி அழற்சி வரும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அனுப்பிவைத்த மூட்டு நோய் நிபுணர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டில் அழற்சி தெளிவாக இருந்தது. இந்த நோயோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுக் குறிக்கான ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். எல்லோரும் சொல்கிற ஸ்பாண்டிலோசிஸ், அதாவது தேய்மானம், அது வேறு. இது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி நம் மூட்டையே தாக்குவது. கவனிக்காமல் விட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி நிமிர முடியாமல் போகலாம். எக்ஸ்ரேயில் தெரிய வருடக்கணக்கில் ஆகும். ரத்தப் பரிசோதனையும் பலருக்கு நார்மலாகவே இருக்கும். ரொம்ப காலம் இதை ஆம்பிளைகள் நோய் என்றே நினைத்திருந்தார்கள். அதனால் பெண்களுக்குக் கண்டுபிடிக்க இன்னும் தாமதம்.

என் பழைய எக்ஸ்ரேக்களை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல தெரியாதும்மா, நீங்க சொன்னதுலதான் தெரிஞ்சிருக்கணும்" என்றார். மாத்திரை எழுதினார், தினமும் உடற்பயிற்சி சொன்னார். "நீச்சல் தெரியுமா? ரொம்ப நல்லது" என்றார். ஆற்றில் குளித்தால் லேசாக இருக்கிறது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஓய்வெடு, தரையில் படு என்று எனக்குச் சொல்லப்பட்டது அத்தனையும் தலைகீழ்.

டாக்டர்கள் கெட்டவர்கள் என்று எழுத நான் வரவில்லை. மத்தியானத்துக்குள் நூறு பேரைப் பார்த்து முடிக்க வேண்டியவர்களின் பாடு எனக்குத் தெரியும். டாக்டரை ஒருவர் பார்க்கிற நேரம் எவ்வளவு என்று 67 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம், வங்கதேசத்தில் 48 நொடி, இந்தியாவில் சுமார் 2 நிமிடம். சரி, 2 நிமிடம்தான் என்றே வைத்துக்கொள்வோம். காலையிலா சாயங்காலமா என்று கேட்கப் பத்து நொடி ஆகுமா? அந்தக் கண் டாக்டருக்கும் வெளியே வரிசை நின்றது.

வலியைச் சொல்ல நமக்கு வார்த்தை இல்லாமலும் இல்லை. குடைச்சல் வேறு, உளைச்சல் வேறு, கடுப்பு வேறு, பிடிப்பு வேறு. காந்துது, சுருக்கென்று தைக்குது, விண்விண்ணென்று தெறிக்குது, மதமதன்னு இருக்கு என்று எங்கள் ஆச்சிமார் பிரித்துப் பிரித்துச் சொல்வார்கள். காந்தலும் மதமதப்பும் ஷாக் அடிப்பதுபோல் இழுப்பதும் நரம்பைக் காட்டுகின்றன என்பது டாக்டர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கேஸ் ஷீட்டில் ஏறும்போது எல்லாம் 'வலி' என்று ஒரே சொல்லாகிவிடுகிறது. பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்கிறார்கள். என் அம்மாவிடம் கேட்டால் இரண்டு என்பாள். பிரசவ வலியில்கூட அவள் இரண்டுதான் சொல்லியிருப்பாள்.

ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று, உலக அளவில் வலியை ஆராய்கிற மருத்துவர்களின் சங்கம் 2020-இல் தன் விளக்கத்திலேயே எழுதிவைத்தது. 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை, தனியாகக் கவனிக்க வேண்டிய நோயாகவே உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் சேர்த்துக்கொண்டது. 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரில் 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். உண்மையிலேயே பெரிய காரியம். அவர்கள் கையில் இருக்கும் நோட்டில் இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: 3 மாதத்துக்கு மேல் வலி இருக்கிறதா, காலையில் கூடுகிறதா வேலை செய்தால் கூடுகிறதா. பீடி சுற்றும் எங்கள் தெருக்களில் அந்தக் கேள்வியோடு ஒரு ரவுண்டு வந்தாலே எத்தனையோ வெளியே வரும்.

குறுக்கு வலி எல்லாமே என் நோய் இல்லை. பெரும்பாலானவை சில வாரத்தில் தானாகச் சரியாகிறவை. பயப்பட வேண்டாம். ஆனால் இளவயதில் ஆரம்பித்து, மாதக்கணக்கில் போகாமல், படுத்தால் கூடினால், மெடிக்கல் செட்டோடு நிறுத்திவிடாதீர்கள். பெயர் தெரியாத அந்த மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சில கவர்களில் ஸ்டீராய்டும் இருக்கும். டாக்டரிடம் போகுமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது எழுப்புகிறது, எது செய்தால் குறைகிறது, எந்த வேலை நின்றுபோனது. நான் இன்றும் எழுதிக்கொண்டுதான் போகிறேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி அம்மா எழுந்து உட்கார்ந்து வலது கையை உதறிக்கொண்டிருந்தாள், தண்ணீர்த்துளியை உதறுவதுபோல. என்னம்மா என்றால், "ஒண்ணுமில்ல, கை மதமதங்குது, உதறுனா சரியாவும். ரெண்டு வருசமா இருக்கு" என்றாள். எந்த விரல் என்று கேட்டேன். யோசித்து, பெருவிரல், ஆட்காட்டி, நடுவிரல் என்று தொட்டுக் காட்டினாள்.

மறுநாள் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் என்னைப் பார்த்து "அம்மாவுக்கு என்ன செய்யுது?" என்றார். நான் பதில் சொல்லாமல் அம்மாவைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அம்மா மெதுவாக, "ராத்திரிதான் சார் கூடுது" என்று ஆரம்பித்தாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, அவள் கையைத் திருப்பி மணிக்கட்டில் விரலை வைத்து அமுக்கினார்.

"சுண்டுவிரல்ல இருக்காம்மா?"

"இல்ல சார். அதுல மட்டும் இல்ல."