எங்கள் வயிறு யாருடைய தொகுதி?

மூன்றாவதாகப் பெண் பிறந்தால் 50,000 ரூபாய், ஆண் பிறந்தால் பசுவும் கன்றும். இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. சொன்னவர் ஆந்திராவின் விஜயநகரம் எம்.பி. கலிசெட்டி அப்பல நாயுடு. சொன்ன நாள் 2025 மார்ச் 8, மகளிர் தினம். அந்த நாளில்தான் ஒரு மக்கள் பிரதிநிதிக்கு இதைச் சொல்லத் தோன்றியிருக்கிறது.

தன் சம்பளத்திலிருந்து தருகிறாராம். யார் சம்பளமாக இருந்தால் என்ன ஐயா? பிள்ளை பெறுவதற்குப் பரிசு அறிவிக்க நீங்கள் யார்? அதென்ன ஆணுக்கு மாடு, பெண்ணுக்குப் பணம்? ஏற்கெனவே இரண்டு சிசேரியன் ஆனவள் வயிற்றில் அதே தழும்பை மறுபடியும் கீறித்தானே மூன்றாவதை எடுப்பார்கள்? ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் யார் ஓடுவது? ஆறு மாதம் தூங்காமல் பால் கொடுப்பது யார்? வேலை போனால் யார் வாங்கித் தருவார்கள்? மாட்டுக்குத் தீவனம் வைப்பதும் அவள் தலையில்தான் விழும்!

இதே ஆந்திராவில் 2024 நவம்பர் வரைக்கும் இரண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கவே முடியாது. நேற்று வரை தண்டனை, இன்றைக்குப் பரிசு. நடுவில் ஒரு பெண்ணிடமாவது 'உனக்கு என்னம்மா வேணும்' என்று கேட்டார்களா?

நம்ம ஊரும் சளைத்ததில்லை. 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் கல்யாண மேடையில் முதல்வர் ஸ்டாலின், புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். காரணம் தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகையை வைத்து எம்.பி. தொகுதிகளைத் திரும்பப் பிரிப்பது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காக நம் எம்.பி. இடங்கள் குறையக்கூடும் என்ற கோபம் எனக்கும் இருக்கிறது, அது அநியாயம்தான். அதற்கு டெல்லியோடு சண்டை போடுங்கள், நாங்கள் பின்னால் நிற்கிறோம். லேபர் வார்டு எதற்கு நடுவில் வருகிறது?

'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சுவரெல்லாம் எழுதியபோது ஆப்பரேஷன் டேபிளில் படுத்தது யார்? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் கல்யாணமான 15-49 வயதுப் பெண்களில் கருத்தடை ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3. அப்போதும் நம் உடம்பு, இப்போதும் நம் உடம்பு.

சரி, வேண்டாம் என்று ஒருத்தி முடிவெடுத்தால் விடுகிறார்களா? 1971-லேயே கருக்கலைப்புச் சட்டம் வந்துவிட்டது. 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. கல்யாணம் ஆகாதவர்களுக்கும் 24 வாரம் வரை அந்த உரிமை உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்புறமும் என் தோழியை ஒரு ஆஸ்பத்திரியில் "வீட்டுக்காரர் கையெழுத்து போடணும்மா, கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் சட்டத்தைச் சொன்னாள். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஃபாரத்தைத் திரும்பத் தள்ளினார். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி "எத்தனாவது மாசம்?" என்றார். தோழி அன்றைக்கு ஃபாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். இதைப் பற்றி எந்த எம்.பி.யாவது மகளிர் தின மேடையில் பேசட்டும், முதல் ஆளாகக் கை தட்டுகிறேன்.

இவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், இரண்டு நாள் டிவியில் ஓடும், அடுத்த வாரம் இன்னொரு மேடை. யாருமே பதில் சொல்வதில்லை.

பிள்ளை பெறச் சொல்கிற புண்ணியவான்கள் முதலில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். கட்டணமில்லா கழிப்பிடம் என்று போர்டு, வாசலில் உட்கார்ந்து ஐந்து ரூபாய் வாங்குகிறார்கள், உள்ளே தண்ணீர் கிடையாது. நிறைமாத கர்ப்பிணி பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கே போவாள்? அங்கே பூட்டு போட்டே கிடக்கிற இன்னொரு கழிப்பிடக் கதவை என்றைக்கு ஐயா திறப்பீர்கள்?