எல்லாம் அரசு வழக்கறிஞர் கையில்தானா?

"அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டவரை விசாரணையில்லாமல் சீர்திருத்தத் திட்டத்துக்கு அனுப்புவது முழுக்க அரசு வழக்கறிஞர் இஷ்டம், நீதிபதி வேடிக்கைதான் பார்க்கலாம்" என்கிறீர்கள். மத்திய அரசு வழக்குகளில் பெரும்பாலும் சரி. கலிஃபோர்னியாவில் அப்படியில்லை. போதைப்பொருள் வழக்கில் நீதிபதி அனுப்ப முடிவெடுத்தால் அரசுத் தரப்பு அதைத் தடுக்க முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1974இலேயே சொல்லிவிட்டது. 2021 முதல் சிறு குற்றங்களில், அரசுத் தரப்பு ஆட்சேபித்தாலும் நீதிபதியே 24 மாதம் வரை வழக்கை நிறுத்திவைத்து நிபந்தனை போடலாம்; ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. (குடும்ப வன்முறை, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது போன்றவற்றுக்குக் கிடையாது.) நியூஜெர்சி இரண்டுக்கும் நடுவில்: அரசு வழக்கறிஞர் மறுத்ததை நீதிமன்றம் மாற்றலாம், ஆனால் அப்பட்டமான அதிகார துஷ்பிரயோகம் என்று நிரூபித்தால்தான். அது லேசில் நடக்காது.